ரன்னிங் பேக்குக்கு எத்தனாவது இடம்?

அமெரிக்கக் கால்பந்தின் டிராஃப்ட் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், ரன்னிங் பேக் (பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுபவர்) தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வரி: ஆண்டுக்கொரு முறை தொழில்முறை லீகான என்.எஃப்.எல்-இன் 32 அணிகளும் 7 சுற்றுகளாகக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிதான் டிராஃப்ட். பின்தங்கிய அணிக்கு முதல் உரிமை.

கே: 'பொசிஷனல் வேல்யூ' என்று வர்ணனையாளர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். நல்ல ஆட்டக்காரர் எந்த இடத்தில் ஆடினாலும் நல்ல ஆட்டக்காரர்தானே?

ப: அவர் நல்லவரா என்பது ஒரு கேள்வி. அவர் இல்லாவிட்டால் எவ்வளவு குறையும் என்பது வேறு கேள்வி. பொசிஷனல் வேல்யூ இரண்டாவதைப் பற்றியது.

2018-இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் லெவியன் பெல், சுமார் 1 கோடியே 45 லட்சம் டாலர் தரும் ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்து, சீசன் முழுக்க ஆடாமலே இருந்தார். அன்றைக்கு லீகின் தலைசிறந்த ரன்னிங் பேக்குகளில் அவர் ஒருவர். அவர் இடத்தில் இறங்கிய ஜேம்ஸ் கானர், 2017 டிராஃப்டில் 105-ஆவதாக எடுக்கப்பட்டவர். 13 ஆட்டங்களில் 973 யார்டும் 12 டச்டவுனும் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி பெறுவது) ஓடி எடுத்தார். இப்போது பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்கைப் பாருங்கள். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 2010-இல் 10 வெற்றி, 6 தோல்வி. கழுத்து அறுவைச் சிகிச்சையால் பெய்டன் மேனிங் ஆடாத 2011-இல் 2 வெற்றி, 14 தோல்வி. ஒரு இடம் காலியானால் மூன்றாம் சுற்று ஆள் வந்து அடைத்துவிடுகிறார். இன்னொரு இடம் காலியானால் வீடே சரிகிறது.

கே: சரி, ஓடுவதில் கெட்டிக்காரரை இரண்டாவது இடத்தில் எடுத்தால் என்ன நஷ்டம்? சம்பளம் அணி முதலாளி பாடு, ரசிகனுக்கு என்ன?

ப: சம்பளம் முதலாளி பாடு என்றால் பிரச்சினையே இல்லை. ஆனால் என்.எஃப்.எல்-இல் ஒவ்வொரு அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. ஒருவருக்குக் கூடுதலாகப் போகும் டாலர், இன்னொருவர் இலையிலிருந்து எடுத்ததுதான்.

2011 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு, புதிய ஆட்டக்காரரின் சம்பளத்தை ஏறக்குறைய அவர் தேர்வான எண்ணே தீர்மானிக்கிறது. அவர் எந்தப் பொசிஷன் என்று அந்தப் பட்டியல் கேட்பதில்லை. 2018-இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் இரண்டாவதாக எடுத்த சேக்வான் பார்க்லிக்கு 4 ஆண்டுக்குச் சுமார் 3 கோடியே 12 லட்சம் டாலர், முழுவதும் உறுதி. ஆண்டுக்கு 78 லட்சம். அதே ஆண்டு ஜூலையில் ராம்ஸ் அணி ரன்னிங் பேக் டாட் கர்லிக்குத் தந்த ஒப்பந்த நீட்டிப்பு ஆண்டுக்கு 1 கோடியே 40 லட்சத்தைச் சற்றுத் தாண்டியது. அன்றைய ரன்னிங் பேக் சந்தையின் உச்சி அதுதான். ஆக, பார்க்லி முதல் நாளிலிருந்தே லீகின் மிகச் சிறந்தவராக ஆடினாலும் ஜயண்ட்ஸுக்கு மிச்சம் ஆண்டுக்கு 60, 65 லட்சம்.

அந்த இடத்தில் ஒரு குவாட்டர்பேக் என்றால்? அதே ஆண்டு மார்ச்சில் மினசோட்டா வைக்கிங்ஸ் கர்க் கசின்ஸுக்கு 3 ஆண்டுக்கு 8 கோடியே 40 லட்சம் தந்தது. ஆண்டுக்கு 2 கோடியே 80 லட்சம், அதுவும் லீகின் முதல் ஐந்தில் வராத ஒருவருக்கு. 78 லட்சத்தில் அவரளவு ஆடும் இளைஞர் கிடைத்திருந்தால் மிச்சம் 2 கோடி. அந்தப் பணத்தில் ஒரு இடது டாக்கிளும் (குவாட்டர்பேக்கைக் காக்கும் லைன் ஆள்) ஒரு கார்னர்பேக்கும் (பந்து பிடிக்க ஓடுபவரைத் தடுப்பவர்) வாங்கலாம். ரசிகருக்கு அதில் நிச்சயம் சம்பந்தம் உண்டு.

கே: அப்படியானால் ஜயண்ட்ஸ் பார்க்லியை எடுத்தது தப்பு என்கிறீர்களா? முதல் சீசனிலேயே 2,028 யார்டு எடுத்தவரைப் போய்!

ப: ஆள் தேர்வு சரி, இடத் தேர்வு தப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

ஓடி 1,307, பந்தைப் பிடித்து 721. ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் விருது. அணியோ 5 வெற்றி, 11 தோல்வி. அவருக்கு முன்னால் தடுப்பதற்கு நல்ல லைன் இல்லை. பந்தை எறிய வேண்டிய ஈலை மேனிங்குக்கு வயது 37. 2020-இன் இரண்டாவது ஆட்டத்தில் பார்க்லியின் முழங்கால் தசைநார் கிழிந்தது.

எதை விட்டார்கள் என்பதுதான் கசப்பான பகுதி. அந்த டிராஃப்டில் முதல் சுற்றில் ஐந்து குவாட்டர்பேக்குகள் போனார்கள். 7-ஆவதாகப் போன ஜாஷ் ஆலனும் 32-ஆவதாகப் போன லமார் ஜாக்சனும் பின்னால் லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை வாங்கினார்கள். மூன்றாவதாகப் போன சாம் டார்னல்ட், எடுத்த ஜெட்ஸ் அணியில் சோபிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குவாட்டர்பேக் தேர்வு எப்போதும் சூதாட்டம். சூது வேண்டாம் என்றால், லைனில் நின்று தடுக்கும் கார்டு குவென்டன் நெல்சன் 6-ஆவதில் இருந்தார்.

இன்னொன்று. ஜயண்ட்ஸிடம் 34-ஆவது தேர்வும் இருந்தது. அதில் கார்டு வில் எர்னாண்டஸை எடுத்தார்கள். அடுத்த இடமான 35-இல் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் நிக் சப்பை எடுத்தது. 2018 முதல் 2022 வரை ஐந்து சீசன்களில் சப் ஓடியது 6,341 யார்டு, பார்க்லி 4,249. பந்து பிடிப்பதில் பார்க்லி பல படி மேல், அதை மறைக்கவில்லை. ஆனால் வரிசையை மட்டும் மாற்றி, இரண்டாவதில் நெல்சன், 34-இல் சப் என்று வைத்துப் பாருங்கள். ஒரு கார்டு, ஒரு ரன்னிங் பேக் என்ற அதே கொள்முதல்தான். வரிசை மாறினால் விளைவு எவ்வளவு மாறுகிறது!

கே: எங்கள் அணியின் ரன்னிங் பேக் 100 யார்டு தாண்டினால் பெரும்பாலும் ஜெயிக்கிறோம். அவர்தான் வெற்றிக்குக் காரணம் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

ப: சேவல் கூவுவதால் விடிவதில்லை. முன்னிலையில் இருக்கும் அணி கடிகாரத்தை ஓட்டுவதற்காக ஓட்டத்துக்கு மாறுகிறது: மைதானத்துக்குள்ளேயே மடக்கப்பட்டால் கடிகாரம் நிற்காது, எறிந்த பந்து தரையில் விழுந்தால் நின்றுவிடும். நான்காம் கால்பகுதியில் 14 புள்ளி முன்னிலை இருந்தால் எந்தப் பயிற்சியாளரும் வரிசையாகப் பத்து முறை பந்தைக் கையில் கொடுப்பார். அந்தப் பத்தில் 40 யார்டு சேர்ந்து 100 தாண்டுகிறது. உங்கள் அணியின் முதல் பாதியை மட்டும், 7 புள்ளி வித்தியாசத்துக்குள் இருந்த நேரத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாட்சி பிறழும்.

மொத்த யார்டை விட 'சக்சஸ் ரேட்' நல்ல அளவுகோல். 10 யார்டு நகர அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன். முதல் டவுனில் தேவையான தூரத்தில் 40 சதவீதம், இரண்டாவதில் 60, மூன்றிலும் நான்கிலும் முழுத் தூரம் கிடைத்தால் அந்த ஓட்டம் தேறியது. 'மூன்றாவது டவுன், 12 யார்டு தேவை' என்ற நிலையில் 9 யார்டு ஓடினால் சராசரி அழகாகிறது, அணி பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறது.

கே: ஓடுகிறவர் திறமையா, முன்னால் தடுக்கும் லைனின் திறமையா? இதைப் பிரித்துப் பார்க்க வழி உண்டா?

ப: அதே ஆளை வேறு லைனுக்குப் பின்னால் நிறுத்திப் பார்க்கும் சோதனை அபூர்வமாகத்தான் கிடைக்கும். பார்க்லி விஷயத்தில் கிடைத்தது. 2023-இல் ஜயண்ட்ஸில் 247 ஓட்டம், 962 யார்டு, சராசரி 3.9. அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸில் 345 ஓட்டம், 2,005 யார்டு, சராசரி 5.8. அந்த சீசனில் ஈகிள்ஸ் சூப்பர் பவுலும் வென்றது.

லைன்தான் எல்லாம் என்று இதை வைத்து முடிவு கட்டுகிறவர்கள் பாதிக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். 2023-இல் அதே ஈகிள்ஸுக்கு ஓடிய டிஆண்ட்ரே ஸ்விஃப்ட்டின் சராசரி 4.6. அதுவும் லைனின் நடுவில் நிற்கும் சென்டர் ஜேசன் கெல்சி ஓய்வு பெறுவதற்கு முந்தைய லைனோடு. ஆகவே 3.9-இலிருந்து 5.8-க்கு ஏறிய ஏறக்குறைய 2 யார்டை ஒரே ஆளின் கணக்கில் எழுத முடியாது. லைன், எதிரணியின் கவனத்தைப் பிரிக்கும் ஓடக்கூடிய குவாட்டர்பேக், பார்க்லியின் சொந்தத் திறமை மூன்றும் சேர்ந்தது. ஸ்விஃப்டுக்கும் அவருக்கும் இடையே உள்ள 1.2 யார்டுதான் அவர் சொந்தப் பங்குக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வரும் எண். அதுவும் ஒரே ஆண்டு. சில நீண்ட ஓட்டங்கள் சராசரியை எங்கேயோ தூக்கிவிடும்.

கல்லூரி ஆட்டக்காரரை எடைபோடும்போது இந்தச் சோதனை கிடையாது. அதனால் மோதிய பிறகு எடுத்த யார்டு, மடக்க வந்தவர்களிடமிருந்து நழுவிய எண்ணிக்கை, எதிரணி 'பாக்ஸில்' (லைனை ஒட்டிய பகுதியில்) எத்தனை பேரை நிறுத்தியது ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். எட்டுப் பேர் நெருக்கி நிற்கையில் எடுத்த 4 யார்டும், ஆறு பேர் நிற்கையில் எடுத்த 4 யார்டும் ஒன்றல்ல.

கே: மிகவும் மோசமான ரன்னிங் பேக் பேரம் எது?

ப: 1999-இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ், ஐந்தாவது இடத்தில் ரிக்கி வில்லியம்ஸை எடுக்க, அந்த ஆண்டின் தன் தேர்வுகள் அத்தனையையும், போதாதென்று 2000-இன் முதல், மூன்றாம் சுற்றுத் தேர்வுகளையும் வாஷிங்டனுக்குக் கொடுத்தது. வில்லியம்ஸ் நன்றாகவே ஓடினார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எதிர்த் திசையில் ஒரு பேரம்: 2004-இல் டென்வர் பிராங்கோஸ், ரன்னிங் பேக் கிளின்டன் போர்டிஸைக் கொடுத்து கார்னர்பேக் சாம்ப் பெய்லியை வாங்கியது. கொசுறாக ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வும் வந்தது. பெய்லி 2019-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார்.

கே: நீங்களே ஒரு அணியின் பொது மேலாளர் என்று வைத்துக்கொள்வோம். எட்டாவது தேர்வு உங்கள் கையில். பட்டியலில் மிக உயர்ந்த மதிப்பெண் ரன்னிங் பேக்குக்கு. என்ன செய்வீர்கள்?

ப: அட்லாண்டா ஃபால்கன்ஸ் 2023-இல் சரியாக இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. பிஜான் ராபின்சனை எடுத்தது. அதை வைத்தே படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் வீட்டில் இருப்பதை எண்ண வேண்டும். ஃபால்கன்ஸிடம் டைலர் ஆல்ஜியர் இருந்தார். முந்தைய ஆண்டு ஐந்தாம் சுற்றில் 151-ஆவதாக வந்து 1,035 யார்டு ஓடியவர். அந்தத் தேர்வின் பலன் ராபின்சன் எடுக்கப்போகும் மொத்த யார்டு அல்ல. ஆல்ஜியரை விட அவர் எவ்வளவு கூடுதல் என்பது மட்டுமே.

அடுத்து, எட்டாவதில் மட்டுமே கிடைக்கக்கூடியது என்ன என்று பார்க்க வேண்டும். எதிர் குவாட்டர்பேக்கைத் துரத்தும் ஆட்கள், இடது டாக்கிள், கார்னர்பேக் ஆகியோர் நாற்பதாவது இடத்துக்குள் காலியாகிவிடுவார்கள். ராபின்சனுக்கு அடுத்த தேர்விலேயே, 9-ஆவதாக, தடுப்பு அணியின் முன்வரிசையில் நிற்கும் டிஃபென்சிவ் டாக்கிள் ஜேலன் கார்ட்டரை ஈகிள்ஸ் அள்ளிக்கொண்டது. அதே டிராஃப்டில் ரன்னிங் பேக் டெவான் ஏச்சேன் 84-ஆவது வரை இருந்தார். மயாமி டால்ஃபின்ஸுக்குப் போய் முதல் சீசனில் 103 ஓட்டத்தில் 800 யார்டு எடுத்தார். அறுபது எழுபது இடம் தள்ளினால் எந்தப் பொசிஷனில் தரம் அதிகம் விழுகிறதோ, அதை முதலில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, கீழே இறங்கிப் பேரம் பேச முடியுமா? டெட்ராய்ட் லயன்ஸுக்கும் அந்த ஆண்டு ரன்னிங் பேக் ஜமீர் கிப்ஸ் மேல்தான் கண். ஆனால் 6-ஆவதில் எடுக்கவில்லை. 6-ஐயும் 81-ஐயும் அரிசோனாவுக்குக் கொடுத்து, 12, 34, 168 மூன்றையும் வாங்கியது. பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்து டல்லாஸ் அணி, ஒவ்வொரு தேர்வுக்கும் மதிப்பு வைத்துப் போட்ட பழைய புள்ளிப் பட்டியலில் 6-க்கு 1,600, 81-க்கு 185, மொத்தம் 1,785. வந்தது 12-க்கு 1,200, 34-க்கு 560, 168 சில்லறை. ஏறக்குறைய சரிசமமான பண்டமாற்று. 12-இல் கிப்ஸ் அப்படியே கிடைத்தார். 34-இல் எடுத்த டைட் எண்ட் (தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) சாம் லபோர்ட்டா முதல் சீசனிலேயே 86 பந்து பிடித்தார்.

இத்தனைக்குப் பிறகும் ராபின்சன் ஏமாற்றவில்லை. 2024-இல் 1,456 யார்டு ஓடினார். எட்டாவதில் நான் கார்ட்டரையே எடுத்திருப்பேன்.

கே: கல்லூரி வீடியோவிலும் பரிசோதனை எண்களிலும் எதற்கு முக்கியத்துவம்?

ப: வேகத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள், எடையோடு பாருங்கள். அதற்கு 'ஸ்பீட் ஸ்கோர்' என்ற கணக்கு உண்டு: பவுண்டில் எடையை 200-ஆல் பெருக்கி, 40 யார்டு ஓடிய நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டும். 100 வந்தால் சராசரி. பார்க்லி 233 பவுண்டு, 4.40 விநாடி: 124. டெரிக் ஹென்றி 247 பவுண்டு, 4.54 விநாடி: 116. ஹென்றி 2016-இல் 45-ஆவது வரை கிடைத்தார், 2020-இல் 2,027 யார்டு ஓடினார் என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வீடியோவில் பந்து கையில் இல்லாத நேரத்தைப் பாருங்கள். குவாட்டர்பேக்கை நோக்கிப் பாயும் லைன்பேக்கரை (தடுப்பு அணியின் இரண்டாம் வரிசை ஆள்) அடையாளம் கண்டு குறுக்கே போய் நிற்கிறாரா? இது தெரியாதவரை மூன்றாவது டவுனில் வெளியே உட்கார வைப்பார்கள். முதல் சுற்றுச் செலவில் முக்கால் ஆள்தான் வாங்கியதாக ஆகும். எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர்போல அகலத்தில் நின்று, வகுத்த பாதையில் ('ரூட்') ஓடத் தெரிந்தவருக்கு மட்டும் கொஞ்சம் முன்னதாகவே எடுக்கும் சலுகை தரலாம். எறிந்த பந்து ஓட்டத்தை விட அதிக யார்டு தரும் ஆட்டம் இது. கிறிஸ்டியன் மெக்காஃப்ரிக்காக 2022 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ நான்கு தேர்வுகள் கொடுத்ததற்குக் காரணம் அதுதான். அந்த நான்கில் முதல் சுற்று ஒன்றுகூட இல்லை.

கே: முதல் சுற்றின் கடைசியில், 32-இல் எடுத்தால் ஐந்தாம் ஆண்டு உரிமை கிடைக்குமே. ரன்னிங் பேக்குக்கு அது லாபம்தானே?

ப: கேட்க லாபம். 4 ஆண்டு ஒப்பந்தத்துக்கு மேல் ஆட்டக்காரரை இன்னொரு ஆண்டு வைத்துக்கொள்ள அணிக்குக் கிடைக்கும் அந்த உரிமை, முதல் சுற்று ஆட்களுக்கு மட்டுமே. மூன்றாவது சீசன் முடிந்ததும், மே மாதத் தொடக்கத்தில் முடிவு சொல்ல வேண்டும். 2020 ஒப்பந்தப்படி, சொன்ன கணமே பணம் முழு உறுதி. அடிபடும் வேலையில் இருப்பவருக்கு ஒரு முழு சீசன் முன்னதாகவே உறுதி கொடுக்க அணிகள் தயங்குகின்றன. கான்சஸ் சிட்டி 32-இல் எடுத்த கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேருக்கும் பிட்ஸ்பர்க் 24-இல் எடுத்த நஜீ ஹாரிஸுக்கும் அந்த உரிமையைப் பயன்படுத்தவே இல்லை. பயன்படுத்தாத உரிமைக்கு எதற்கு விலை? ரெய்டர்ஸ் 2022-இல் ஜாஷ் ஜேக்கப்ஸுக்கு வேண்டாம் என்றது. அந்த சீசனில் அவர் 1,653 யார்டு ஓடி லீகில் முதலிடம் பிடித்தார். இப்படியும் நடக்கும்.

கே: 2013, 2014, 2022, 2024 ஆண்டுகளில் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கும் போகவில்லை. 2025-இல் ஆஷ்டன் ஜென்டி ஆறாவதாகப் போனார். காற்று திரும்பிவிட்டதா?

ப: கொஞ்சம். நீண்ட பந்துகளுக்குப் பயந்து தடுப்பு அணிகள் இரண்டு சேஃப்டிகளை (கடைசிக் காவலர்கள்) பின்னால் நிறுத்தி, கனமான லைன்பேக்கருக்குப் பதில் மெலிந்த கார்னரை இறக்குகின்றன. முன்னால் ஆள் குறைகிறது, ஓட்டம் மலிவாகிறது. 2024-இல் பார்க்லியும், 1,921 யார்டு ஓடிய ஹென்றியும் அறுவடை செய்தது அந்த வயலில்தான். ஆனால் இருவருமே பழைய அணியை விட்டுச் சந்தைக்கு வந்து, புதிய அணிகள் டிராஃப்ட் தேர்வு எதையும் செலவழிக்காமல் எடுத்தவர்கள். அதைப் பார்த்துவிட்டு ஆறாவது தேர்வைச் செலவழிப்பது எனக்கு விசித்திரமாகப் படுகிறது. ஜென்டி 2024-இல் பாய்ஸி ஸ்டேட்டுக்கு 374 ஓட்டத்தில் 2,601 யார்டு எடுத்தவர், பேரி சாண்டர்ஸின் 1988 கல்லூரிச் சாதனைக்கு 27 குறைவு. திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே சீசனில் 374 முறை மோதிய உடம்பு என்பதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

கே: நண்பர்களோடு ஃபேன்டசி லீக் (நிஜ ஆட்டக்காரர்களின் எண்களை வைத்துப் புள்ளி சேர்க்கும் கற்பனை அணி விளையாட்டு) ஆடுகிறேன். அங்கே எல்லோரும் முதலில் ரன்னிங் பேக்கைத்தான் பிடிக்கிறார்கள். நீங்கள் சொல்வதெல்லாம் அங்கே பொய்யா?

ப: விதி அதேதான், நாற்காலிகளின் எண்ணிக்கை வேறு. நிஜத்தில் 32 அணிகள் நல்ல குவாட்டர்பேக்குக்கு அடித்துக்கொள்கின்றன. 12 பேர் ஆடும் ஃபேன்டசியில் 12 குவாட்டர்பேக் போதும், சந்தையில் 32 பேர். ரன்னிங் பேக்கோ ஆளுக்கு இரண்டு, ரன்னிங் பேக்கையோ ரிசீவரையோ இறக்கக்கூடிய ஃப்ளெக்ஸ் இடத்தையும் சேர்த்தால் முப்பதை நெருங்கும். முழு வேலையையும் ஒருவருக்கே கொடுக்கும் அணிகள் குறைவு.

கணக்குக்காகச் சில எண்கள் வைப்போம். முதல் குவாட்டர்பேக் சீசனுக்கு 380 புள்ளி, 12-ஆவது குவாட்டர்பேக் 290, இடைவெளி 90. முதல் ரன்னிங் பேக் 330, 28-ஆவது ரன்னிங் பேக் 150, இடைவெளி 180. 380 பெரிய எண்ணாகத் தெரிந்தாலும், எடுக்க வேண்டியது 330-ஐ. உங்கள் லீகின் புள்ளி விதிப்படி ஒவ்வொரு பொசிஷனிலும் கடைசியாகக் களமிறங்கும் ஆளைக் கண்டுபிடித்து, மற்றவர்கள் மதிப்பிலிருந்து அவர் மதிப்பைக் கழித்து, ஒரே பட்டியலாக அடுக்குங்கள். இரண்டு குவாட்டர்பேக் இறக்கலாம் என்ற விதி இருந்தால் கதை தலைகீழ். 24 பேர் வேண்டும், அவர்கள்தான் முதலில் தீர்வார்கள்.

உங்கள் முறை எப்போது வரும் என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வரிசை தலைகீழாகும் பாம்பு வரிசையில், 12 பேரில் மூன்றாவது நாற்காலி என்றால் உங்களுக்கு 3, 22, 27, 46. மூன்றுக்கும் 22-க்கும் நடுவில் 18 பேர் போவார்கள். 22-க்கும் 27-க்கும் நடுவில் நாலே பேர். 22-இல் ஒரு ரன்னிங் பேக்கும் ஒரு ரிசீவரும் கண்ணில் பட்டால், நடுவில் ஆளுக்கு இரண்டு முறை எடுக்கப்போகும் முதல் இரண்டு நாற்காலிக்காரர்கள் ஏற்கெனவே எதை எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இருவரிடமும் இரண்டு ரன்னிங் பேக் இருந்தால், ரிசீவரை எடுத்துக்கொண்டு 27 வரை காத்திருக்கலாம்.